இருபத்தொன்றாவது ராத்திரி

டிரைவருக்குச் சும்மா உட்காரத் தெரியாது. இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் உட்கார்ந்தே சம்பாதித்தவரைப் பற்றி இப்படிச் சொன்னால் தெருவில் சிரிப்பார்கள். ஆனால் அவர் மனைவிக்குத் தெரியும். அடியில் சக்கரம் ஓடினால்தான் அந்த உடம்பு ஓரிடத்தில் நிற்கும். ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி டிப்போவில் ஆட்களுக்கு டூட்டி டோக்கன் கொடுக்கும் அறையில் போட்ட நாளிலிருந்து, வீட்டில் இருந்த குழாய்களையெல்லாம் ஒருமுறை கழற்றி மாட்டிவிட்டார். சொட்டாத குழாயும் சொட்ட ஆரம்பித்தது. அவள் தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுகிறேன் என்று போய், கல்யாண கவுன் ஒன்றில் கறையாக்கி வைத்தார்.

இறக்கியதற்குக் காரணம் ஒரு சிவப்பு விளக்கு. சிக்னலில் பஸ்ஸை நிறுத்தினார், பச்சை விழுந்தது, மறுபடி சிவப்பு விழுந்தது, வண்டி நகரவில்லை. கண்டக்டர் வந்து தோளைத் தட்டியபோதுதான் விழித்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு பயணி புகார் எழுதினார், அவ்வளவுதான். டிப்போ அவரை டாக்டரிடம் அனுப்பியது. டாக்டர் உடம்பெல்லாம் வயர் ஒட்டி ஒரு ராத்திரி தூங்கவைத்துப் பார்த்துவிட்டு, தூக்கத்தில் மணிக்கு நாற்பது தடவை மூச்சு நிற்கிறது, அதனால்தான் பகலில் கண் சொக்குகிறது என்றார். மனைவிக்கு நாற்பது என்ற கணக்குத்தான் புதிது. குறட்டை பாதியில் அறுந்து, அறை மௌனமாகி, அவள் முழங்கையால் இடித்தபிறகு மனிதர் தண்ணீரிலிருந்து எழுந்தவர் மாதிரி மூச்சை இழுப்பது பத்து வருஷப் பழக்கம். அதற்கு ஒரு பெயர் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு மிஷின் வீட்டுக்கு வந்தது. அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் நுனியில் மூக்கை மூடும் மாஸ்க். தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளாமல் அது காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். உள்ளே நகம் அளவு ஒரு கார்டு, எத்தனை மணிநேரம் போட்டுக்கொண்டார் என்று அது எழுதி வைக்கும். டாக்டரின் விதி எளிமையானது. முப்பது நாளில் இருபத்தொரு நாளாவது, நாளுக்கு நாலு மணிநேரம் போட்டிருக்க வேண்டும். அப்படியிருந்தால் கையெழுத்து. கையெழுத்தோடு மாதக் கடைசியில் கூடும் மருத்துவக் குழுவிடம் போனால் மறுபடி ஸ்டியரிங். இல்லாவிட்டால் இன்னொரு மாதம் டோக்கன் அறை.

முதல் எட்டு ராத்திரியும் வீண். தூக்கத்திலேயே மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டார். ஒன்பதாவது ராத்திரி கரண்டு போனது, அதுவும் போச்சு. இனி ஒன்றுகூடத் தவறக் கூடாது என்ற நிலையில் மின்சார ஆபீசின் நோட்டீஸ் கீழ்வாசலில் ஒட்டப்பட்டிருந்தது: கேபிள் மாற்றும் வேலை, அடுத்த வாரம் மூன்று நாள், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை மின்சாரம் இருக்காது.

அவள் தன் தம்பி வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்றாள். மச்சான் வீட்டில் யானை மாதிரி தும்பிக்கையோடு படுக்கமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். மறுநாளே டிப்போ எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தார். அவரை டிப்போவே ப்யூஸ் என்றுதான் கூப்பிடும். அவர் வீட்டுக் கடிதங்கள்கூட அந்தப் பெயருக்கு வந்தால் சேரும்.

ப்யூஸ் மிஷினைத் திருப்பிப் பார்த்தார். அடியில் இருபத்துநாலு வோல்ட் என்று எழுதியிருந்தது. உடனே முகம் மலர்ந்துவிட்டது. பஸ்ஸும் இருபத்துநாலு வோல்ட்தான். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தால் தீர்ந்தது கதை. பஸ்ஸிலிருந்து கழற்றிப் போட்ட ஜோடி ஒன்று தன் ஷெட்டில் இருக்கிறது, இன்னும் உயிர் இருக்கிறது என்றார். மூன்றாவது மாடிக்கு அந்த இரண்டையும் தூக்கி வந்தபோது உயிர் போனது இவர்கள் இருவருக்கும்தான். சார்ஜ் ஏறும்போது வாயு விடும் என்று பால்கனியில் வைத்து, ஜன்னல் வழியாக வயரை உள்ளே இழுத்து, நடுவில் மறக்காமல் ஒரு ப்யூஸும் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒத்திகை. ஆள் மூச்சு விடாமல் சும்மா ஓடவிட்டால் மிஷின் தானாக நின்றுவிடும் என்பதால் டிரைவர் மாஸ்க்கோடு படுத்தாக வேண்டும். படுத்தார். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து பேட்டரியைப் பார்க்கப் போனார், குழாய் பின்னாலிருந்து இழுத்தது. இரண்டு மணிநேரத்தில் மிஷின் அடங்கிவிட்டது. ப்யூஸ் வயரைப் பார்த்தார், முனையைச் சுரண்டினார், பேட்டரியைத் தட்டினார். இரண்டு ஆண்களும் பஸ்ஸைச் சுற்றி வருகிற மாதிரி கட்டிலைச் சுற்றி வந்தார்கள்.

அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "இதுல எதாவது சூடாகுதா?"

மிஷினின் பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. மூக்கு காயாமல் இருக்கத் தண்ணீரைச் சூடாக்கிக் காற்றை ஈரமாக்கும். அவள் வேலை பார்க்கும் தையல் கடையில் கரண்டு போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது ஏழு மிஷினை ஓட்டலாம், ஒரு அயர்ன் பாக்ஸைத் தொடக்கூடாது. தொட்டால் முதலாளியம்மா கத்திரிக்கோலோடு வருவாள். சூடு பண்ணுவதுதான் கரண்டைக் குடிக்கும்.

தொட்டியின் சூட்டை அணைத்தார்கள். அடுத்த ஒத்திகையில் ஐந்தரை மணிநேரம் ஓடியது.

"அண்ணி, நீங்க டிப்போவுக்கு வந்துடுங்க," என்றார் ப்யூஸ்.

முதல் ராத்திரி தாண்டிவிட்டது. காலையில் மிஷினின் சின்னத் திரை ஐந்து மணி பத்து நிமிஷம் என்று காட்டியது. பகல் முழுக்க பேட்டரியைச் சார்ஜில் போட்டார்கள். ஆனால் பழைய பேட்டரி சார்ஜை வாங்குகிற மாதிரி வாங்கும், வைத்துக்கொள்ளாது. இரண்டாவது ராத்திரி இரண்டு மணி நாற்பது நிமிஷத்திலேயே மூச்சை விட்டுவிட்டது. டிரைவர் எழுந்து விடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆறு மணிக்குக் கரண்டு வந்தது. மிஷினுக்கு ஒரு நாள் என்பது மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மறுநாள் பன்னிரண்டு வரை. இன்னும் எண்பது நிமிஷம் தூங்கிவிட்டால் கணக்கு நேராகிவிடும். ஆறரைக்கு டோக்கன் அறையைத் திறக்க வேண்டும், இந்த மாதத்து லீவெல்லாம் டாக்டருக்கே போய்விட்டது. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு படுத்தார், பத்து நிமிஷத்தில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போனார். போச்சு என்று அவளும் கடைக்குப் போனாள்.

பதினொரு மணிக்கு அளவு நோட்டை மறந்துவிட்டதால் வீட்டுக்கு வந்தாள். கதவு உள்ளே தாழிட்டிருக்கவில்லை. அவள் கட்டிலில், அவள் போர்வைக்குள், மாஸ்க் மாட்டிக்கொண்டு ப்யூஸ் படுத்திருந்தார். விழித்துக்கொண்டுதான் இருந்தார். அவளைக் கண்டதும் எழப் பார்த்து, எழுந்தால் மாஸ்க் நகரும் என்று மறுபடி படுத்து, வாயைத் திறந்தால் காற்று வெளியேறும் என்று ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். தலையணைக்குப் பக்கத்திலிருந்த பேப்பரில் எழுதி நீட்டினார்: இன்னும் பத்து நிமிஷம் அண்ணி.

பிளக்கைப் பிடுங்க ஒரு நொடி ஆகாது. அவள் கையும் பாதி தூரம் போனது. பிறகு அளவு நோட்டை எடுத்துக்கொண்டு, செருப்பு மாட்டும்போது வாரை இரண்டு முறை தவறவிட்டு, கீழே இறங்கிவிட்டாள். கடையில் அன்று தைத்த ஒரு கையைப் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் டிரைவர் மறைக்கவில்லை. டிப்போவில் யாருக்கு என்ன அவசரமென்றாலும் ஒருத்தர் டூட்டியை இன்னொருத்தர் பார்ப்பதுதான். ப்யூஸின் தகப்பனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவர் ஒன்பது நாள் ஷெட்டைப் பார்த்துக்கொண்டார். இன்றைக்கு அவர் வந்து பார்த்தார். இதில் என்ன வந்துவிட்டது என்றார்.

"உங்க டூட்டிய அவர் பாக்கலாம். உங்க தூக்கத்த அவர் தூங்க முடியுமா?"

"எண்பது நிமிஷம்தாண்டி."

"சிக்னல்ல நீங்க தூங்கினது எத்தனை நிமிஷம்?"

அவர் எழுந்து பால்கனிக்குப் போனார். பேட்டரியின் மூடியைத் திறந்து மூடினார், திறந்து மூடினார்.

அன்று மூன்றாவது ராத்திரி. அவள் யோசிக்காமல் கடைக்குத் திரும்பிப் போனாள். முதலாளியம்மாவின் இன்வெர்ட்டரில் இருக்கும் இரண்டு பேட்டரியும், மெதுவாக, ராத்திரி முழுக்கக் கொடுப்பதற்கென்றே செய்தவை. பஸ் பேட்டரி ஒரே உதையில் எஞ்சினைக் கிளப்பிவிட்டு ஓய்ந்துபோகும் ஜாதி. இது அவளுக்கு முதல் நாளே தோன்றியதுதான். கேட்கவில்லை. கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டும், நாலு மாதமாக அவர் இன்னும் வண்டி ஓட்டுவதாகத்தான் கடையில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இன்று ஏழு மிஷினும் ஓடிக்கொண்டிருக்கும்போதே சொன்னாள். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளியம்மா, பேட்டரி காலை ஒன்பதுக்குள் திரும்பி வரவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தாள். தன் பேட்டரி தோற்றுப்போனதில் ப்யூஸ் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் அவற்றைத் தூக்கி வந்து மாட்டினார். காலையில் திரை ஆறு மணி ஐம்பது என்றது, பேட்டரியில் பாதி மிச்சம்.

மாதக் கடைசியில் டாக்டரிடம் போனார்கள். கார்டை வாங்கி கம்ப்யூட்டரில் செருகியது ஒரு பெண், அந்த மிஷின்களைப் பார்த்துக்கொள்கிறவள். இருபத்தொன்று, சரியாக இருபத்தொன்று என்றாள். டிரைவரின் கால் மேஜைக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்தது. டாக்டர் பேனாவை எடுத்தார். அந்தப் பெண் திரையை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

"சார், இந்த ஒரு நாள் மட்டும் காலையில ஒன்பதரைக்கு மேல போட்டிருக்கீங்க. மூச்சு வேற மாதிரி இருக்கே. அடைப்பே இல்ல."

மனைவியிடம் பதில் தயாராக இருந்தது. எப்போது தயாரானது என்று அவளுக்கே தெரியவில்லை. அன்னைக்கு உடம்பு சரியில்ல, பகல்ல முழிச்சுக்கிட்டே படுத்திருந்தார் என்பது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சண்டை போட்டவள் அவள்தான். ஆனால் அந்தப் பேனா காகிதத்துக்கு ஒரு விரல் உயரத்தில் இருந்தது.

"அது நான் இல்லம்மா," என்றார் டிரைவர். "எங்க எலக்ட்ரீஷியன்."

டாக்டர் சிரிக்கவில்லை. யார், எப்படி என்று கேட்டார், இவர் எல்லாவற்றையும் சொன்னார், பேட்டரி வரைக்கும். டாக்டர் பேனாவை மூடினார். இருபது நாள் மோசமில்லை, ஆனால் விதி விதிதான், அடுத்த மாதம் வாருங்கள் என்றார்.

வெளியே வராந்தாவில் அவளுக்குக் கோபம் பொங்கியது. யார்மேல் என்று தெரியாத கோபம். இன்னும் ஒரு மாதம் டோக்கன் அறை, இன்னும் ஒரு மாதம் குழாய் கழற்றல்.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல?"

"நீதான சொன்ன."

"நான் சொன்னா எல்லாத்தையும் கேட்டுடுவீங்களோ?"

அவர் படியிறங்கும்போது, சொந்தமாக ஒரு ஜோடி பேட்டரி வாங்க வேண்டும், முதலாளியம்மாவிடம் இருப்பது எந்த அளவு என்று கேட்டார். அவள் சொன்னாள். இரண்டு படி முன்னால் போய்விட்டவர் நின்று, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.