சூட்டுத் தழும்பும் புது ஊசியும்

அம்பத்தூர்ச் சூளையில் செங்கல் சுமந்தே என் அம்மாவின் இடுப்பு போய்விட்டது. குனிந்தால் நிமிர முடியாது. உட்கார்ந்தால் எழுந்திருக்க என் தோள் வேண்டும். ஊரில் இதற்கு ஒரே வைத்தியம்தான்: பழுக்கக் காய்ச்சிய கம்பியால் இடுப்பில் சூடு இழுப்பது. அம்மாவுக்கு மூன்று முறை இழுத்திருந்தார்கள்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் தீராத வலியை ஆராய்ச்சி செய்யும் டாக்டர் ஒருவர், நரம்பில் புது ஊசி போட்டுப் பார்க்க ஆள் எடுப்பதாகப் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா சொன்னார். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஹைஸ்கூலும் முடித்தவள். அந்தத் தெம்பில் அம்மாவை ரயிலேற்றினேன்.

டாக்டர் தமிழர்தான். சுற்றிலும் மாணவர்கள், எல்லோரும் ஆண்கள். அம்மாவைக் குப்புறப் படுக்கவைத்து இடுப்பில் கட்டைவிரலை ஊன்றி அழுத்தினார். அம்மாவின் கால் நடுங்கியது. வாயிலிருந்து சத்தமே இல்லை.

"கத்தும்மா," என்று காதில் சொன்னேன்.

"சும்மா கெடடி. இத்தினி ஆம்பளைங்க எதுர்ல கத்தினா மானம் இன்னாத்துக்கு ஆவும்?"

"வலிக்கிறதா?" என்றார் டாக்டர்.

"பரவால்லீங்க சாமி."

அவர் தழும்புகளைக் காட்டி மாணவர்களிடம் இங்கிலீஷில் பேசினார். கூலி ஜனங்களுக்கு நரம்பு மந்தமாம். சூட்டையே தாங்குகிறவர்களுக்கு நம்மைப் போல வலி தெரியாதாம். இவளுக்கு ஊசி போட்டால் ஆராய்ச்சிதான் கெடுமாம். ஒரு மாணவன் சிரித்துக்கொண்டே தழும்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். சந்தையில் மாட்டைக்கூட அப்படித் தொடமாட்டார்கள்.

நானும் இங்கிலீஷிலேயே சொன்னேன். "வலி தாங்காமல்தான் சூடு போட்டுக்கொண்டாள். ஆண்கள் முன்னால் எங்கள் பெண்கள் கத்தமாட்டார்கள். ஒரு நர்ஸை விட்டுக் கேளுங்கள்."

சிரிப்பு நின்றது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அடடே, உச்சரிப்பு பிரமாதம். எந்த ஸ்கூல்?"

நர்ஸை விட்டுக் கேட்கும்படி மறுபடியும் சொன்னேன். அதற்குள் அவர் சோப்புப் போட்டுக் கை கழுவத் தொடங்கியிருந்தார். "அடுத்த ஆள்," என்றான் ஒரு மாணவன்.

வராந்தாவில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஊசி எப்பவாம்?"

"ஊசி கெடையாது."

"அப்ப அவ்ளோ நேரம் உங்கிட்ட இன்னா பேசிகினு இருந்தாரு?"

"என் இங்கிலீஷ் நல்லா கீதாம்."

அம்மாவின் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. வரிசையில் நின்ற ஒருத்தியிடம், "எம் பொண்ணு பேச்ச டாக்டரே மெச்சிகினாரு, தெர்தா?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே குந்திவிட்டாள்.