காலிதீன் மச்சானின் காட்டுக் கத்தி

என் தங்கை சுபைறாவைக் கட்டியவர் காலிதீன். எங்கள் கல்முனைக்குடியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும். வந்தவர் சரியில்லை என்று திருப்பி அனுப்பவும் முடியாது. கூட்டுறவுக் கடையில் கிளாக்கர் வேலை. நல்ல மனிசன் என்று ஊர் சொல்லும். ஊருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடும். நானும் இரண்டு வேலி தள்ளித்தான் மாப்பிள்ளையாகப் போயிருந்தேன். ஆளின் கூத்து ஒன்றுகூட எனக்குத் தப்பவில்லை.

எழுபத்தெட்டுச் சூறாவளியில் தென்னைகள் விழத் தொடங்கியதும் மேசைக்குக் கீழே போனவர் அவர். விடிந்து, காற்று அடங்கி, பெண்கள் சிதறிய கூரைக் கிடுகுகளைப் பொறுக்கத் தொடங்கிய பிறகும் வெளியே வரவில்லை. சுபைறா குனிந்து தேத்தண்ணி நீட்டியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு பிடித்ததுதான் காட்டுப் பைத்தியம். உலகம் அழியப் போகிறதாம், காட்டில் இருக்கத் தெரிந்தவன்தான் தப்புவானாம். பழைய ஆங்கிலச் சஞ்சிகைகளை எங்கெல்லாமோ தேடி வாசித்து, காட்டில் மனிதனுக்கு முதலில் வேண்டியது பெரிய கத்தி என்று கண்டுபிடித்தார். மடக்குகிற கத்தி இல்லையாம், நிமிர்ந்தபடியே நிற்கிற நீளக் கத்தியாம். காடு எந்தப் பக்கம் என்று ஆளுக்குத் தெரியுமா? காட்டோரத்து வரிப்பத்தான்சேனை வயலுக்கு வேளாண்மை வெட்டு நேரம் ஒரு தரம் வந்து, நுளம்பு கடிக்கிறது என்று பொழுது சாயுமுன் பஸ் ஏறிய வீரன்.

கத்தி தெரிவு செய்வதற்கு எத்தனை வருடம் எடுத்தார் என்று கேட்காதீர்கள். ஒரு மனிசன் பெண் பார்க்கக்கூட அவ்வளவு அலைய மாட்டான். பாண்டிருப்பில் இளையதம்பியின் கொல்லுப் பட்டறைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பழைய லொறி வில்லுத் தகட்டில் அடித்த கத்தி ஒன்றை இளையதம்பி எடுத்துக் கொடுத்தார். காலிதீன் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இது தேங்கா உடைக்கிறதுக்குச் சரி. நான் கேக்கிறது உசிரக் காப்பாத்துற கத்தி."

"உங்கட உசிர ஆரு கேக்கிறா?" என்றார் இளையதம்பி. பட்டறையில் இருந்தவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

கடைசியில் எண்பத்து நாலில், ஜித்தாவிலிருந்து லீவில் வந்த ஷரிபுதீனிடம் ஆளின் கனவு கிடைத்தது. முழங்கை நீளம், கன்னங்கரேல் என்று அலகு. முதுகில் மரம் அரிகிற வாள் போலப் பல். பிடியின் அடியில் சின்னத் திசைகாட்டி வேறு. காலிதீன் அதை இடுப்பில் கட்டி, நிலைக்கண்ணாடி முன்னால் நின்று பார்த்தார். வெட்டிப் பார்த்தாரா? சீச்சீ, அதெல்லாம் எங்களைப் போன்ற காட்டான்கள் செய்கிற வேலை.

"கூரில்லையே மச்சான். சாணைக்குக் குடுப்பம்," என்றேன்.

"கொம்பனிக் கூர் இது. ஆரும் தொட்டா கெட்டுரும். நீங்க சும்மா இரிங்க."

சும்மா இருந்தேன். திசைகாட்டியின் முள், பக்கத்தில் இருந்த இரும்பைப் பார்த்து ஆடுமா, மக்காவைப் பார்த்து ஆடுமா? அதை வைத்துக்கொண்டு அடுத்த வெள்ளிக்கிழமையே, எங்கள் பள்ளிவாசலின் கிப்லா பிழை என்று நிர்வாகம் பார்க்கிற மரைக்கார்மாரோடு வாதாடப் போனார். தலைமுறை தலைமுறையாய்த் தொழுத ஊருக்குத் திசை சொல்ல வந்த மூஞ்சியைப் பாருங்கள்!

அவருக்கு அடுத்த வளவில் சபியா உம்மா இருந்தா. புருசன் இல்லை. ஒரு மகள் றபீக்கா, ஒரு சிவத்தப் பசு. அந்தப் பசுவின் பாலைத் தேத்தண்ணிக் கடைகளுக்கு ஊற்றித்தான் மகளுக்கு வீடு எழுப்பினா. எங்கள் பக்கத்தில் வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை இல்லை. சுவர் எழும்பிவிட்டது, கூரை மட்டும் பாக்கி. ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பசுவை விற்று ஓடு போடுவது, அடுத்த மாதம் நிக்காஹ் என்று மாப்பிள்ளை வீட்டாரோடு பேச்சு. பெருநாளுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

ஒரு பகல், லுஹர் பாங்குக்கு முன்னால், மேய்ந்துவிட்டு றோட்டைக் கடந்த அந்தப் பசுவை ஒரு லொறி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. நான் ஓடிப்போனபோது இடுப்பு நொறுங்கிக் கிடந்தது. ஆனால் கண் திறந்திருந்தது, மூச்சும் ஓடியது. உயிர் இருக்கும்போதே அறுத்துவிட்டால் இறைச்சி ஹலால். ஊரே ஆளுக்கொரு பங்கு வாங்கும், ஓடு வாங்கக் காசு வந்துவிடும். உயிர் போய்விட்டால் வெறும் பிணம், புதைக்கத்தான் வேண்டும். சபியா உம்மா மாட்டின் தலைமாட்டில் குந்தியிருந்து, "கெதியா, அல்லாட பேரால கெதியா!" என்று கத்தினா.

பாங்கு சொல்கிற மோதினார் அப்துல் ஸமட் பள்ளியிலிருந்து ஓடி வந்தார். நானும் இன்னும் இரண்டு பேரும் கால்களை அமுக்கிப் பிடித்தோம். தேத்தண்ணிக் கடை முகைதீன்பாவா தன் இறைச்சிக் கத்தியோடு வந்தான்.

"இந்தாங்க மோதினார், நேத்துத்தான் சாணை புடிச்ச."

"அத வைங்க!" ஆர் என்கிறீர்கள்? எங்கள் மச்சான்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கறுப்புக் கத்தியை உறையிலிருந்து உருவினார். "இது இரிக்கக்கொள்ள அது என்னத்துக்கு?"

அந்த முழங்கை நீளத்தைக் கண்டதும் கூட்டம் வாயைப் பிளந்தது. முட்டாள் கூட்டம். மோதினாரும் கையை நீட்டி வாங்கப் போனார். கொடுத்தாரா? மாட்டைக் கிப்லாப் பக்கம் திருப்ப வேண்டுமே, அதைச் சரியாகத் திருப்ப வேண்டுமாம். கத்தியைத் தலைகீழாய்ப் பிடித்துத் திசைகாட்டியைப் பார்த்தார்.

"இந்தப் பக்கமில்ல. இன்னங் கொஞ்சம் வடக்கால."

"மச்சான், அறுக்கக் குடுங்க! மாடு போகுது!" என்று கத்தினேன். காலை விட்டால் மாடு உதறும். இல்லையென்றால் அன்றைக்கே அந்த ஆளை ஒரு கை பார்த்திருப்பேன். இடுப்பொடிந்த வாயில்லாச் சீவனை இழுத்துத் திருப்ப வைத்தார். அது அம்மா என்று ஒரு சத்தம் போட்டது.

பிறகுதான் மோதினார் கைக்குக் கத்தி வந்தது. பிஸ்மில்லாஹ், அல்லாஹு அக்பர் என்று இழுத்தார். மயிர்தான் விலகியது. திரும்ப அழுத்தி இழுத்தார். தோலில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது, அவ்வளவுதான். கொம்பனிக் கூர்! மோதினாருக்கு நெற்றி வேர்த்து ஊற்றியது. அதை வீசிவிட்டு முகைதீன்பாவாவின் கத்தியைப் பறித்து அவர் அறுத்தபோது கழுத்து வெண்ணெயாய் விட்டுக்கொடுத்தது. ஆனால் இரத்தம் பாயவில்லை. மெல்லக் கசிந்தது. நான் பிடித்திருந்த கால் என் கைக்குள் ஏற்கனவே அடங்கிப் போயிருந்தது.

மோதினார் கண்ணைத் தொட்டுப் பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார்.

"மவுத்தாப் போன பொறகுதான் அறுபட்டிரிக்கி. இது ஹறாம். நான் வேற சொல்ல ஏலா உம்மா."

"கொஞ்சம் உசிரு இரிந்திச்சே மோதினார், நான் பாத்தனே," என்றா சபியா உம்மா. காலிதீன் தன் கத்தியை மண்ணிலிருந்து எடுத்து, சாரன் நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இது காட்டுக்குள்ள கத்தி. மாட்டுக்குச் செய்த இல்ல."

இப்படி ஒரு பேச்சு! த்தூ! அதையும் கேட்டுக்கொண்டு நின்றோம். அன்று அசர் தொழுகைக்குப் பிறகு மாட்டைக் கடற்கரையில் புதைத்தோம். குழி வெட்ட அந்த வீரன் வரவில்லை, இடுப்புப் பிடித்துக்கொண்டதாம்.

கூரையில்லாத வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் எத்தனை நாள் காத்திருப்பார்கள்? பெருநாள் கழிந்ததும் சாய்ந்தமருதில் ஓட்டு வீடு ஒன்று பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். றபீக்கா அழுதாளோ இல்லையோ, கண்டவர்கள் இல்லை. அடுத்த வருடம் ஒரு ஏஜன்சிக்காரனைப் பிடித்துக் குவைத்துக்கு வீட்டு வேலைக்கு, குசினியில் சமைக்கப் புறப்பட்டாள். எங்கள் ஒழுங்கையிலிருந்து அப்படிப் போன முதல் பெண்.

அவளை வழியனுப்பப் பெண்கள் கூடி அழுதுகொண்டிருந்த இடத்துக்கு எங்கள் மச்சானும் வந்தார். வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே? தொண்டையைச் செருமிக்கொண்டு புத்தி சொல்லத் தொடங்கினார்.

"புள்ள, அது பாலைவனம். வழி தவறினா வெயில் நேரம் நடக்கப்படாது. தண்ணி எங்க தோண்டுற எண்டா..."

றபீக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் குசினிக்குத்தான் போறன் மாமா," என்றாள். "உம்மாட ஊட்டுக்கு ஓடு வாங்க."