கப்பலின்ர கடைசி வரி

ரூபன் அண்ணா, அந்தக் கண்ணாடிப் பெட்டியில இப்பவும் நான் முதல் தேடுறது உங்கட நெத்தி பட்ட அடையாளத்தைத்தான். சிட்னி துறைமுகத்துக்குப் பக்கத்து மியூசியத்தில ரெண்டு பேரும் விடியக் கிளீனிங் செய்யேக்க, பள்ளிக்கூடப் பிள்ளையள் கை வைச்ச இடமெல்லாம் ஏசி ஏசித் துடைப்பியள். பிறகு நீங்களே நெத்தியை முட்டிக்கொண்டு உள்ளுக்க இருக்கிற சின்னக் கப்பலைப் பாத்துக்கொண்டு நிப்பியள். நான் திரும்பவும் துடைக்கோணும்.

ஆயிரத்து எழுநூறுகளில கட்டின இங்கிலீஸ் சரக்குக் கப்பல் ஒண்டின்ர மாதிரியுரு அது. பக்கத்துப் பலகையில அதின்ர கதை ஒன்பது வரி. எங்களுக்கு இங்கிலீஸ் வாசிக்க வராது. போனில படம் பிடிச்சுத் தமிழாக்கித்தான் பாப்பம். ஒரு நாளைக்கு ஒரு வரிதான் எண்டு நீங்கள் சட்டம் போட்டியள். நாங்கள் இருக்கிற ஹரிஸ் பார்க்குக்கு ரெயினில திரும்பேக்க அடுத்த வரியில என்ன வருமெண்டு பந்தயம். தோத்த ஆள் சமோசா வாங்கோணும். கப்பல் சீனி ஏத்திச்சுது, பிரெஞ்சுக்காரர் பிடிச்சுப் பேரை மாத்தினாங்கள், இங்கிலீஸ்காரர் திருப்பிப் பிடிச்சாங்கள், கைதியளை ஏத்திக்கொண்டு இந்தச் சிட்னிக்கே வந்துது, பிறகு திமிங்கிலம் பிடிக்கப் போச்சுது. "இதுக்கும் எங்களை மாதிரித்தான், ஒரு வேலையும் நிரந்தரமில்லை" எண்டு சிரிச்சியள்.

எட்டாவது வரியோட நிப்பாட்டிட்டியள். நீங்கள் இந்த நாட்டுக்கு வந்த வள்ளத்தை, உங்களை இறக்கிப்போட்டு நேவிக்காரர் கடலில வைச்சுக் கொளுத்தினதைக் கண்ணால பாத்தனீங்கள். இதையும் கொளுத்தியிருப்பாங்களோ எண்டதுதான் கடைசிப் பந்தயம். ஓமெண்டு நான், இல்லையெண்டு நீங்கள். நான் போனை நீட்ட, "எடி, இப்ப வேண்டாம். ஒப்பரேசன் முடிஞ்சு வந்து பாப்பம். அதுக்காகவாவது நான் எழும்பி வரோணும்" எண்டியள். நெஞ்சு ஒப்பரேசன். நீங்கள் எழும்பேல்லை.

உங்கட முப்பத்தோராம் நாள் காரியம் முடிஞ்சு வேலைக்குப் போன முதல் நாள் கடைசி வரியைப் படம் பிடிச்சன். படம் தெளிவா விழேல்லை, ரெண்டாந்தரமும் பிடிச்சன். சரக்கோட துறைமுகத்தை விட்டு வெளிக்கிட்டது, அதுக்குப் பிறகு தகவல் இல்லை. அவ்வளவுதான். எங்க போச்சுது, என்ன ஏத்திச்சுது, கடைசியா ஆர் கண்டது எண்டு எனக்கு இன்னும் கேள்வி வருது, இருந்து கதைக்க ஆளில்லை. ஆனா கொளுத்தினதெண்டு எழுதேல்லை அண்ணா. தோத்தது நான்தான்.

அண்டைக்கு நானும் நெத்தியை முட்டிப் பாத்தன். அடையாளத்தைத் துடைக்காமலே வந்திட்டன். இதை வாசிக்கிறவை, எந்தச் சாமியைக் கும்பிடுறவையா இருந்தாலும், எங்கட ரூபன் அண்ணா போன இடத்தில சுகமா இருக்கோணுமெண்டு எல்லாரும் ஒருக்கா கும்பிடுங்கோ.