ஐந்தாவது குன்றிமணி

1934-ஆம் வருடம் டிசம்பர் மாதம், அட்வெந்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது நடந்தது. ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள், நடுவில் கிணற்றடியும் இருபுறமும் ஒவ்வொரு குடித்தனமுமாக இருந்த ஒரு வீட்டின் ஒரு பாதியில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான். நான் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராகப் பயிற்சி முடித்து, அங்கேயே மருந்து கலக்கும் வேலையில் சேர்ந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைத்தான் அட்வெந்து என்கிறோம். எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. பித்தளைத் தாம்பாளத்தில் சவுக்குக் கிளைகளை வளையமாகக் கட்டி, நான்கு மெழுகுவர்த்திகளை நிறுத்துவோம். முதல் ஞாயிறு ஒன்று, அடுத்த ஞாயிறு இரண்டு என்று ஏற்றிக்கொண்டே போவோம். அப்பா சிறுவயதில் தரங்கம்பாடியில் ஒரு ஜெர்மன் பாதிரியார் வீட்டில் பார்த்து வந்தது. அந்த வீட்டு அம்மாள் வளையத்தில் சிவப்புப் பழங்களைச் செருகுவாராம். நம் ஊரில் அது ஏது? அம்மா இட்லிப்பூ வைப்பாள். அது மறுநாளே வாடி உதிர்ந்துவிடும். நான்கு வாரமும் வாடாத சிவப்பு ஒன்று வேண்டும் என்பது எனக்குப் பெரிய யோசனையாக இருந்தது.

அந்த வருடம் சவுக்கு ஒடிக்க அடையாற்றுப் பக்கம் போனபோது, ஒரு தோட்ட வேலியில் குன்றிமணிக் கொடி காய் வெடித்துக் கிடந்தது. மடி நிறையப் பறித்து வந்தேன். எதையும் நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு. "சவுக்கு 14 கிளை, மெழுகுவர்த்தி 4, குன்றிமணி 48, நூல் 4 துண்டு" என்று எழுதி, ஸ்பிரிட் விளக்கில் ஊசியைப் பழுக்கக் காய்ச்சி, நாற்பத்தெட்டையும் துளைத்து, பன்னிரண்டு பன்னிரண்டாகக் கோத்து, மெழுகுவர்த்திக்கு ஒரு சரமாகக் கட்டினேன். அப்பா பார்த்துவிட்டு, "ஜெர்மனியில்கூட இவ்வளவு ஜோராக இருந்திருக்காது" என்றார்.

குன்றிமணி விஷம் என்று தெரியாமல் நான் அதைச் செய்யவில்லை. பயிற்சியில் படித்திருந்தேன். அதன் தோல் கெட்டியானது. முழுதாக விழுங்கினால் ஜீரணமாகாமல் அப்படியே வெளியே வந்துவிடும். உடைத்துத் தின்றால்தான் ஆபத்து. தட்டான் கடையில் எடைக்கல்லாகக் கிடப்பதுதானே, குழந்தைகள் பல்லாங்குழிக்கு வைத்துக்கொள்வதுதானே என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது.

வீட்டின் மறுபாதியில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. புத்தகம் தைத்து அட்டை கட்டும் தொழில். என்னைவிட எட்டு வயது மூத்த அந்த வீட்டு அம்மாளை ஆப்பா என்றுதான் கூப்பிடுவேன். உருதுவில் அக்கா என்று அர்த்தம். ஆப்பாவுக்கு மூன்று வயதில் ஒரே பெண். அதற்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அந்தக் குழந்தை என்னை மருந்தக்கா என்று கூப்பிடும். அந்த வருடம் அட்வெந்தோடு சேர்ந்து ரம்ஜான் நோன்பும் வந்தது. நாங்கள் மெழுகுவர்த்தி ஏற்றும் வேளையும் அவர்கள் நோன்பு திறக்கும் வேளையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அன்று ஆப்பாவின் கணவர் அட்டைக்குத் தோல் வாங்க வேலூர் போயிருந்தார்; திரும்பப் பத்து நாள் ஆகும். நோன்பு திறந்துவிட்டு ஆப்பா ஒரு கிண்ணத்தில் கஞ்சியோடு வந்தார். குழந்தை தாம்பாளத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அப்பா வேதம் வாசித்தார், நாங்கள் பாடினோம். பாட்டு முடிந்து பார்த்தால் இரண்டாவது மெழுகுவர்த்தியின் சரம் அறுந்திருந்தது. தரையில் கிடந்தவற்றைப் பொறுக்கி எண்ணினேன். ஏழு. குழந்தையின் கையைப் பிரித்தேன். ஒன்றுமில்லை.

"மீதி எங்கேடா கண்ணு?"

வாயை ஆவென்று திறந்து காட்டியது. "முழுங்கிட்டேன். மிட்டாயே இல்ல, தூ."

அம்மா பதறிப்போனாள். நான் பதறவில்லை. படித்த வரி வாயில் முந்திக்கொண்டது. "பயப்படாதீங்க ஆப்பா, முழுசா முழுங்கினா ஒண்ணும் செய்யாது. நாளைக்கு வெளியே வந்துடும்" என்றேன்.

"நீ சொன்னா சரிதாம்மா" என்று ஆப்பா சிரித்தார். "இன்னாடி, தட்டான் கடைக்கு வேலைக்குப் போப்போறியா? வயித்துலியே எடைக்கல்லு வச்சிக்கினு கீறே!" என்று குழந்தையின் வயிற்றில் கிச்சுகிச்சு மூட்டி, இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சரத்தைத் திரும்பக் கோக்கலாம் என்று ஊசியை எடுத்தேன். முதல் மணியில் ஊசி ஒரு தடையும் இல்லாமல் உள்ளே போய் மறுபக்கம் வந்தது.

அப்போதுதான் உறைத்தது. தோல் கெட்டி. ஆனால் அந்தத் தோலை இந்தப் புறத்திலிருந்து அந்தப் புறம் வரை நானே துளைத்திருந்தேன். குழந்தையின் வயிற்றில் கிடந்தவை முழு மணிகள் அல்ல. துளை போட்ட மணிகள். ஐந்து.

அம்மாவிடம்கூடச் சொல்லாமல் கிணற்றடியைத் தாண்டி ஆப்பா வீட்டு வாசலுக்குப் போனேன். வாசலில் படுதா தொங்கியது. உள்ளே குழந்தை கைகொட்டிப் பாடிக்கொண்டிருந்தது. அங்கே நான் நின்றுவிட்டேன்.

ஏன் நின்றேன் என்பதை உள்ளபடி எழுதுகிறேன். துளை சின்னதுதான், ஒன்றும் ஆகாமலே போகலாம் என்று தோன்றியது. ஒன்றும் ஆகாவிட்டால் யாருக்கும் தெரியவேண்டியதில்லை. ஆகிவிட்டால், குழந்தை விழுங்கியதுதான் காரணம் என்பார்கள். துளையைப் பற்றி யோசிக்க இந்த வீட்டில் என்னைத் தவிர ஆள் இல்லை. சொன்னால், "ஒன்றும் செய்யாது" என்று இப்போதுதானே சொன்னாய் என்பார்கள். ஆஸ்பத்திரியில் தெரிந்தால் வேலை போகலாம். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் இருக்கும். விஷம் சாப்பிட்ட குழந்தைக்கு முதல் பத்து நிமிஷம் எவ்வளவு பெரிது என்று தெரிந்தவளே நின்றுகொண்டிருந்தேன்.

உள்ளே பாட்டு சட்டென்று நின்றது. குழந்தை இருமியது. படுதாவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். வெறும் இருமல்தான். ஆனால் உள்ளே போய்விட்டேன், சொல்லிவிட்டேன்.

ஆப்பாவின் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது. "இன்னா சொல்றே நீ? அப்போ ஒண்ணும் இல்லேன்னியே?"

"தப்பாச் சொல்லிட்டேன். கடுகு இருக்கா? வெந்நீர் போடுங்க. சீக்கிரம்!"

கடுகைப் பொடித்து வெந்நீரில் கலக்கிக் குழந்தைக்கு வலுக்கட்டாயமாகப் புகட்டினோம். அது அலறி, திமிறி, கடைசியில் வாந்தி எடுத்தது. கஞ்சியோடு இரண்டு மணிகள் வந்தன. ரிக்ஷாவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ஆப்பா குழந்தையை என் கைக்கு எட்டாதபடி மறுபுறம் அணைத்துக்கொண்டு வந்தார். டாக்டரம்மாள் வயிற்றைக் கழுவினார். வேறு எதுவும் வரவில்லை. விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார். "இதற்கு மாற்று மருந்து இல்லை என்பது உனக்கே தெரியும். வருவதானால் மூன்று நாளுக்குள் வரும். ரத்தம் போகிறதா பார். காத்திரு" என்றார். நான் கையோடு கொண்டுபோயிருந்த நோட்டை வாங்கி, குன்றிமணிக் கணக்கைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

லீவு போட்டுவிட்டு ஆப்பா வீட்டிலேயே உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாடி, சூடு, வயிறு எப்படி இருக்கிறது, எத்தனை முறை வெளியே போனது என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். திங்கட்கிழமை ஒரு குன்றிமணி வெளியே வந்தது. மீதி இரண்டு. அன்று பிற்பகல் குழந்தைக்கு வயிற்றைப் பிசைந்தது. சுருண்டு படுத்து முனகியது. விளக்கெண்ணெயின் வேலையா, விஷத்தின் வேலையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு துணியையும் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துச் சிவப்பு தெரிகிறதா என்று பார்த்தேன். ஆப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாத்தம்மா எழுதிக்கினே கீறே? எழுதிட்டா புள்ள பொழச்சிக்குமா?"

பென்சிலைக் கீழே வைத்தேன். அவரே அதை எடுத்து என் கையில் கொடுத்து, "எழுது, எழுது. நீ எழுதலேன்னா இன்னும் பயமா கீது" என்றார்.

விடியுமுன் நோன்புக்கான சஹர் உணவுக்கு எழுந்து அவர் வெறும் தண்ணீர்தான் குடித்தார். "ஏதாவது சாப்பிடுங்க ஆப்பா" என்றால், "அவ சாப்டட்டும், நானும் சாப்புடறேன்" என்பார். செவ்வாய்க்கிழமை இன்னொரு மணி வந்தது. நான்கு ஆயிற்று. அன்று மாலை வீட்டுக்கு ஓடிவந்து, தாம்பாளத்தில் மிச்சமிருந்த சரங்களையெல்லாம் அறுத்து அடுப்பில் போட்டேன். வளையத்தையும் தூக்கப்போனபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது என்ன பண்ணிச்சு? விடு" என்றாள்.

ஐந்தாவது வரவேயில்லை. புதன்கிழமை வயிற்றுவலி அடங்கியது. மூன்று நாள் கெடு முடிந்தும் எனக்குத் தைரியம் வரவில்லை. வியாழக்கிழமையும் நாடி பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலையில் குழந்தை எழுந்து உட்கார்ந்து, என் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு, "பசிக்குது" என்றது. ஆப்பா அடுப்படிக்குப் போனார். அங்கே பாத்திரம் உருளும் சத்தமும், அதற்கு நடுவே அவர் அழும் சத்தமும் கேட்டன.

அடுத்த ஞாயிறு மூன்றாவது மெழுகுவர்த்தியை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. வெறும் சவுக்கு வளையத்தோடு தாம்பாளம் மூலையில் கிடந்தது. இருட்டத் தொடங்கிய நேரத்தில் ஆப்பா வந்தார். இடுப்பில் குழந்தை, கையில் கஞ்சிக் கிண்ணம்.

"இன்னா, இன்னிக்கு மூணு வத்தி இல்ல? ஏன் இருட்டுல குந்திக்கினு கீறீங்க?"

அப்பா எழுந்து தீப்பெட்டியைத் தேடினார். எனக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. "ஆப்பா, அன்னைக்கு நான் உடனே வரலை. தெரிஞ்சப்புறமும் உங்க வாசல்ல பத்து நிமிஷம் நின்னேன்" என்றேன்.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "தெரியும். படுதாவுக்குக் கீழ உன் காலு தெரிஞ்சிது. இவ ஏன் வந்து நின்னுக்கினு உள்ள வரமாட்டேங்கறான்னு பாத்துக்கினே இருந்தேன்."

நான் தலை குனிந்தேன்.

"நீ அப்பிடியே திரும்பிப் போயிருந்தேன்னு வையி, புள்ள பொழச்சிருந்தாகூட உன் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன். வந்துட்டே. கஞ்சி ஆறுது, குடி."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் குழந்தையை இறக்கி என் மடியில் உட்கார வைத்தார். அப்பா மூன்று மெழுகுவர்த்திகளையும் ஏற்றினார். குழந்தை கைநீட்டும்போதெல்லாம் ஆப்பாவும் நானும் ஒரே நேரத்தில் அதன் கையைப் பிடித்தோம்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நான்கு மணிகளுக்கு எதிரே கிழமையும் நேரமும் எழுதியிருக்கிறேன். ஐந்தாவதன் எதிரே இடம் காலியாகவே இருக்கிறது. இப்போது எங்கள் வளையத்தில் மறுபடி இட்லிப்பூதான், மறுநாளே வாடினாலும். அட்வெந்து என்றால் காத்திருப்பது என்று சிறுவயதில் மனப்பாடம் செய்திருந்தேன். அந்த மூன்று நாளும் ஆப்பாவோடு உட்கார்ந்திருந்தது காத்திருப்பு. படுதாவுக்கு வெளியே நின்றது அதில் சேராது. என் தவறை ஒருவரிடம் போய்ச் சொல்லவேண்டி வரும்போதெல்லாம், இன்றும் நான் முதலில் குனிந்து என் கால்களைத்தான் பார்க்கிறேன், அவை நகர்கின்றனவா என்று.