டாக்டரிடம் நான் மறைத்த பதினெட்டாம் நாள்

நம் பண்ணையாளர் வாட்ஸ்அப் குழுவில், அன்றைய கறிக்கோழி விலைக்குக் கீழே அந்தச் செய்தி வந்தது. டாக்டர் செண்பகவல்லி மாரடைப்பில் காலமானார். பத்து நிமிடத்தில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. மூன்று வருடம் முன்பு இதே குழுவில் அவரைப் 'பூண்டு டாக்டர்' என்று கேலி செய்த அதே விரல்கள்தான் அனுப்பின. என் விரலும் சேர்த்தி.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்கிறேன். பேராவூரணிப் பக்கத்துக் கோழிகளுக்கெல்லாம் அவர்தான் மருத்துவர். நோய் வருமுன்பே தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலந்துவிடும் நம் வழக்கத்தை முகத்துக்கு நேராகத் திட்டியவர் அவர் ஒருவர்தான். "இப்படியே போட்டுக்கிட்டிருந்தா, நாளைக்கு உங்க புள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் மருந்து கேக்காதுங்க" என்பார். அதற்குப் பதிலாகப் பூண்டு, மஞ்சள், கீழாநெல்லிப் பொடிகளையும் குடலுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர்களையும் கலக்கச் சொன்னார். கோழியை அறுப்பதற்கு முன்பே மசாலா தடவுகிறாரே என்று சிரித்தோம். அந்த நகைச்சுவை என்னுடையது.

இருந்தாலும் முதல் சோதனைக்குக் கொட்டகை கொடுத்தவன் நான். அதற்கு முந்தைய வருடம் என் கோழிகளை அவர் பிழைக்க வைத்திருந்தார், மறுக்க வாய் வரவில்லை. தினமும் வந்து, தரையில் பரப்பிய உமியில் மண்டியிட்டு எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பார்ப்பார். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"கழிச்சல் கண்டா உடனே போன் பண்ணுங்க. தோத்தாலும் ஏன் தோத்தோம்னு எனக்குத் தெரியணும். மறைச்சிராதீங்க."

சோதனையின் பதினெட்டாம் நாள் அடைமழை. அவர் தன் அண்ணனின் அறுபதாம் கல்யாணத்துக்காகத் திருக்கடையூரில் இருந்தார். சாரல் அடித்துக் கொட்டகை ஓரமெல்லாம் உமி ஊறிக்கிடந்தது, கோழிகள் தண்ணீராய்க் கழிந்தன. நான் பயந்துவிட்டேன். போனை எடுக்கவில்லை, ஆன்டிபயாட்டிக் பாக்கெட்டை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் கரைத்தேன். ஈர உமியை அள்ளி வெளியே கொட்டிவிட்டுப் புதிதாகப் பரப்பினேன். அவர் திரும்பி வந்தபோது கோழிகள் திமுதிமுவென்று ஓடிக்கொண்டிருந்தன.

"ஒரு சொட்டு மருந்தில்லாம இந்த மழையத் தாங்கிடுச்சு பாத்தீங்களா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ஆமாங்க" என்றேன்.

அந்த 'ஆமாங்க'வை நம்பித்தான் பக்கத்து ஊர் முருகையன் அடுத்த ஐப்பசியில் டாக்டரின் கலவையை மட்டும் போட்டார். மழை, ஈர உமி, கழிச்சல் எல்லாம் அப்படியே வந்தன. தொட்டியில் மருந்து கரைக்க அங்கே நான் இல்லை. கொட்டகையில் பாதி செத்தது. முருகையன் செத்த கோழிகளை மூட்டை கட்டி டாக்டர் வீட்டு வாசலில் கொட்டினார். மூட்டைகள் வந்த குட்டியானை வண்டி என்னுடையது. மூட்டை இறக்கக் கைகொடுத்தவர்களில் நானும் இருந்தேன். முருகையன் துப்பியது டாக்டரின் புடவையில் விழுந்தது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை, வாசலிலேயே உட்கார்ந்து ஒரு கோழியை அறுத்துக் குடலைப் பார்த்தார். பிறகு தலைநிமிர்ந்து என்னிடம் கேட்டார்.

"உங்க கொட்டகையில மட்டும் எப்படிங்க கோழி தாங்குச்சு?"

தெரியவில்லை என்றேன்.

அதற்குப் பிறகு நம்மில் ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. ஆனால் என் கொட்டகைக்கு மாதம் ஒருமுறை அவரே வந்துவிடுவார். உமி அள்ளுவார், கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடிப்பார். என் மனைவி காபி கொடுப்பாள், நான் மோட்டார் போட்டுவிடுவேன். இரண்டு வருடம் அவர் தேடிக்கொண்டிருந்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈர உமியில்தான் கோளாறு என்று அன்றே ஒரு போன் செய்திருந்தால் அவர் கலவையை மாற்றியிருப்பார், உமியை மாற்றச் சொல்லியிருப்பார். ஒருவேளை ஜெயித்தும் இருப்பார். அது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் அவர் மகள் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவ கடைசிவரைக்கும் உள்ள விட்டது நீங்க ஒருத்தர்தான் அங்கிள்" என்று சொல்லி, ஒரு பாட்டிலைக் கொடுத்தாள். என் கிணற்றுத் தண்ணீர். ஒட்டியிருந்த சீட்டில் டாக்டரின் கையெழுத்து: 'எதுவும் இல்லை. மறுபடி பார்க்கணும்.'

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தப் பாட்டில் ஒன்றுதான். முருகையன், நீங்களும் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். அந்த மூட்டைகள் என் வாசலுக்கு வந்திருக்க வேண்டியவை.