பால் பொங்கிய பஸ்

அத ஏன் கேக்குற புள்ள, பெல்மதுளையில வாடகை வீடு பாக்காம, என் மகன் பழைய பஸ் ஒண்ண வாங்கி, சீட்டெல்லாம் கழட்டி, கட்டிலும் அடுப்பும் வச்சுட்டான். அவன் மாமியாருக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு. "சக்கரம் வச்சதுல யாராச்சும் குடும்பம் நடத்துவாங்களா? குடிபோற அன்னைக்குப் பால் கெழக்கால பொங்கி வழியணும். இல்லாட்டி என் மகளக் கூட்டிட்டுப் போயிருவேன்"னு சொல்லிட்டாங்க.

பஸ் நின்ன எடம் ரப்பர் தோட்டத்துச் சரிவு. பானை நெறையத் தண்ணி ஊத்திப் பாத்தா, எல்லாம் மேக்கால வழியுது. மருமக அழுவுறா. எனக்குச் சிரிப்பு.

"டேய், வீட்டத் தூக்குடா!"ன்னேன்.

மகன் ஜாக் போட்டு மேக்குப் பக்கத்து ரெண்டு சக்கரத்தையும் ஒசத்தி, அடியில கல்லு குடுத்தான். அப்புறம் பால் வச்சா, பொங்குச்சு பாரு, நேரா கெழக்கால!

"வாடகை வீட்ட இப்பிடித் தூக்க முடியுமா சம்பந்தி?"ன்னேன். அவங்களே சிரிச்சிட்டு, மகள விட்டுட்டு பஸ் ஏறிப் போயிட்டாங்க. அது வேற பஸ்.

இன்னும் தட்டுல ஊத்துற கொழம்பு கெழக்காலதான் ஓடுது. ஆனாலும் அந்தக் கல்ல எடுக்க நான் விடல.

ஐயோ, மழை எறங்குது! பஸ் கூரை மேல மொளகா காயுது, இந்த ஏணியக் கொஞ்சம் புடி புள்ள.