மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவர்

வெள்ளையன் இறந்துவிட்டார் என்று மலைமேலிருந்து தொலைபேசி வந்தபோது, அடிவாரத்துக் கால்நடைத் துறை அலுவலகத்தில் நான் வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வரியில் அவர் பெயர்தான் இருந்தது. என்ன குறிப்பது என்று தெரியாமல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

ஜவ்வாது மலையில் மாடு வைத்திருக்கும் உங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அரசு ஏட்டில் மட்டும் அவர் கால்நடை மருந்தகத்தின் தற்காலிகத் துப்புரவுப் பணியாளர். மருத்துவர் வாரத்தில் இரண்டு நாள் மலையேறி வருவார். மீதி ஐந்து நாளும் மாடுகள் நலமாக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மாடுகள் அதற்கு இணங்கவில்லை. ஆகவே வெள்ளையன் ஈன முடியாமல் தவிக்கும் மாடுகளுக்குக் கன்று இழுத்தார், ஊசி போட்டார், புண்ணில் புழு எடுத்தார். முடிந்ததும் பதிவேட்டில் ‘மருத்துவர் சிகிச்சை அளித்தார்’ என்று எழுதிவைப்பார். மருத்துவர் வந்து ஒரே மூச்சில் எல்லாவற்றுக்கும் ஒப்பமிடுவார். இருபத்திரண்டு ஆண்டுகள் இப்படியே நடந்தது.

பிறகு ஒரு சுற்றறிக்கை வந்தது. அரசுப் பணியில் பெற்ற அனுபவத்தையே தகுதியாக ஏற்றுச் சான்றிதழ் தருவார்கள். பெற்றவர் உதவியாளராக நிரந்தரமாவார். அவர் விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். ‘செய்த பணிகள்’ என்ற கட்டத்தில் கன்று இழுத்ததை எழுதப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்டி எழுதினா, டாக்டர் இன்னா பண்ணிகினு இருந்தார்னு கேப்பாங்களே சார்?”

சான்றிதழ் இல்லாதவர் ஊசி போடக் கூடாது. ஊசி போட்டதாகக் காட்டாதவருக்குச் சான்றிதழ் கிடையாது. இப்படியொரு விதியை யாரும் யோசித்துச் செய்ய முடியாது. தானாக அமைந்தால்தான் உண்டு. மருத்துவர் ஓய்வுபெற எட்டு மாதமே இருந்தது.

“அவரு பென்சன் போய்டும். மாட்ட புடிச்சிகினு இருந்தேன்னு எழுதுங்க,” என்றார்.

எழுதி, முத்திரையும் வைத்தேன்.

நேர்காணலில், மாட்டின் வயிற்றுக்குள் கன்று குறுக்கே கிடந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்களாம். “டாக்டர் பாத்துப்பாரு, நான் புடிச்சிப்பேன்” என்று சொல்லியிருக்கிறார். ‘போதிய அனுபவம் இல்லை’ என்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பும் வழியில், சந்தவாசல் அருகே யாரோ பேருந்தை மறித்து அவரை இறக்கிக்கொண்டார்கள். அங்கே ஒரு கன்று குறுக்கேதான் கிடந்தது. தாயும் கன்றும் பிழைத்தன.

நான் வருத்தம் தெரிவித்தபோது சிரித்தார். “மாட்டுக்குப் படிக்கத் தெரியாது சார். அதனாலதான் நம்ம வண்டி ஓடுது.”

மருத்துவர் நல்லபடியாக ஓய்வுபெற்றார். தற்காலிகப் பணியாளர் என்பதால் வெள்ளையனின் மனைவி காசியம்மாளுக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. துக்கத்துக்குப் போனபோது அவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: “இப்பவாச்சும் அவரு இன்னா வேல செஞ்சாருன்னு எழுதுவீங்களா?”

எழுதினேன். இறந்தவர் செய்த பணிகள் என்ற தலைப்பின்கீழ் இரண்டு பக்கம், ஒன்று விடாமல். மேலிடத்திலிருந்து ஒரே வாரத்தில் திரும்பி வந்தது: ‘இத்தகைய பணியிடம் ஒப்பளிக்கப்படவில்லை. திருத்தி அனுப்பவும்.’

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்த இரண்டு பக்கங்கள்தாம். நினைவூட்டுக் கடிதம் இருமுறை வந்துவிட்டது. தினமும் எடுத்துப் படிக்கிறேன். திருத்த வேண்டிய இடம் இன்னும் கண்ணில் படவில்லை.